நாற்பத்தேழாவது கேள்வியின் மலை

கோடாங்கிநல்லூருக்கு மலை வந்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரையாண்டுப் பரீட்சையில் ஆங்கிலத் தாள் எழுதி முடித்த மறுநாள் காலையில். அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால், நேற்றுவரை சீமைக்கருவேல மரங்களும் ஊர்க்காரர்கள் காலையில் ஒதுங்குகிற மறைவும் தவிர வேறொன்றும் இல்லாத கரிசல் பொட்டலில், பச்சைப் பசேலென்று, தலையில் ஒரு துண்டு மேகத்தைச் சுற்றிக்கொண்டு அது நின்றது. முதலில் பார்த்தவர்கள் செம்போடு போனவர்கள்தான். கொஞ்ச நேரம் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இனி எங்கே ஒதுங்குவது என்ற கவலையோடு அவர்கள் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தார்கள். எப்படி வந்தது என்று டீக்கடையில் யாரும் அதிகம் குழப்பிக்கொள்ளவில்லை. வருசா வருசம் எல்லாப் பிள்ளைகளும் நாற்பத்தேழாவது கேள்விக்கு அதே மலையைத்தான் எழுதுகிறார்கள், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் பேப்பரிலேயே கிடக்கும் என்று டீ மாஸ்டர் கேட்டார். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

அந்த மலை பொன்னொளி கைடில் இருக்கிற மலை. 'ஒரு மலைவாசஸ்தலத்துக்குச் சென்றுவந்த அனுபவம்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம். அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் முதுகலை ஆங்கில ஆசிரியர் ஆபிரகாம் தங்கையா சார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. யோசித்தால் தப்பு வரும், தப்பு வந்தால் மார்க் போகும், மார்க் போனால் தேர்ச்சி விகிதம் போகும், அது போனால் மாவட்டக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்க வைப்பார்கள். ஆகவே யோசிக்கிற வேலையைக் கைடு போட்டவரிடமே விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு அவர் மலையை மட்டும் ஊட்டினார். வளைவுகளில் தலைசுற்றும் என்பதால் அதுவரை அவர் ஒரு மலைக்கும் போனதில்லை. ஆனால் மலையைப் பற்றி அவரைப்போலத் தடுமாறாமல் சொல்ல அந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

அந்த வகுப்பில் மலை ஏறாத மண்டை ஒன்றே ஒன்றுதான். அது முத்துப்பேச்சியுடையது. கண்ணால் பார்த்தது எதையும் அவள் மறக்கமாட்டாள், பார்க்காதது எதுவும் அவள் மனசில் நிற்காது. இரண்டு வருசத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து இறந்துபோன அப்பா அய்யாத்துரை, எந்த ஊர் டோல்கேட்டில் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் சொல்வாள். கட்டுரையில் குளிர்ந்த காற்றுக்கு அடுத்து ஏரியா, குரங்கா என்று கேட்டால் விழிப்பாள். அரையாண்டில்கூடப் பாதிக்குமேல் முன்னால் இருந்தவளைப் பார்த்துத்தான் எழுதினாள். ஊரே மலையைப் பார்க்கப் போன காலையில் அவளும் அம்மா சண்முகக்கனியோடு போனாள். சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். புருசன் செத்த நாளிலிருந்து வேலைக்குப் போவாள், வருவாள், சோறு வைப்பாள், சுவரைப் பார்த்து உட்காருவாள், அவ்வளவுதான். கூட்டம் ஏறுகிறதே என்று அன்றைக்கு அவளும் ஏறினாள். முத்துப்பேச்சி மட்டும், மலை என்றாலே குமட்டும் என்று, அன்றைக்கும் அதற்குப் பிறகும் அடிவாரத்தைத் தாண்டவில்லை.

மலையில் கைடில் இருந்தது எல்லாம் இருந்தது, இல்லாதது எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று வந்து எல்லோருடைய கன்னத்தையும் ஒரே மாதிரி வருடியது. பறவைகள் பாடின, ஆனால் என்ன பறவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை, கைடில் பறவைகள் என்று மட்டும்தான் போட்டிருந்தது. பல வண்ணப் பூக்களுக்கு நடுவே ஒரு ஏரி இருந்தது, அதில் படகுகள் இருந்தன. ஒரே ஒரு குரங்கு வந்து ஒவ்வொருவர் கையிலிருந்தும் ஒரு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது, வாழைப்பழம் கொண்டுவராதவர்கள் கையிலும் அந்த நேரத்துக்கு ஒரு பழம் இருந்தது. மதியம் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தால், வீட்டிலிருந்து பழைய சோறு கொண்டுபோனவர்களுக்கும் உள்ளே புளியோதரைதான். ஒதுங்க இடம் கிடையாது, யாருக்கும் ஒதுங்க வேண்டியும் வரவில்லை. கட்டுரை 'போன ஞாயிற்றுக்கிழமை' என்று தொடங்குவதால் மேலே எந்நாளும் போன ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனதும், போக மனமில்லாதவர்களுடைய கால்களும் தானாகக் கீழே திரும்பின. எல்லோரும் இனிய நினைவுகளோடு வீடு வந்து சேர்ந்தார்கள், ஏனென்றால் கட்டுரையின் கடைசி வரி அதுதான்.

பிறகு ஊர் ஊராகவே நடந்துகொண்டது. மலைக்கமிட்டி என்று ஒன்று போட்டு, மில் வைத்திருந்த சுப்பாராஜைத் தலைவராக்கினார்கள். அடிவாரத்தில் பஜ்ஜிக்கடையும் செருப்புக் காப்பிடமும் வந்தன. 'மலை பார்த்த மனைகள்' என்று கல் நட்டு விற்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி முதலில் ஆள் வரவில்லையே என்று கத்தினார். மேலே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் வார விடுமுறை கேட்பதில்லை என்று தெரிந்ததும், வேலையை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, அவரே தம் செலவில் ஆட்களை வேன் வைத்து அடிவாரத்தில் இறக்கிவிட்டார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. கட்டுரை 'நானும் என் நண்பர்களும்' என்று தொடங்குகிறது, ஆகவே ஏறியவர்கள் எல்லோரும் மேலே நண்பர்களாகிப் போனார்கள். மேலத்தெருக்காரரும் கீழத்தெருக்காரரும் தோளில் கைபோட்டுப் படகில் போனார்கள், ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். கீழே இறங்கியதும் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். ஊர்க் கௌரவம் என்ன ஆவது என்று கமிட்டி கூடி, ஒரு தெருவுக்குத் திங்கள் புதன், மற்றத் தெருவுக்குச் செவ்வாய் வியாழன் என்று முறை வைத்தது. ஆனால் எந்தக் கிழமை ஏறினாலும் மேலே அதே போன ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால், எந்த முறையில் போனவர்களும் மேலே ஒன்றாகவே இருந்தார்கள். கமிட்டி மறுபடி கூடி, முறையை எடுத்துவிட்டு, மேலே யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதைக் கீழே பேசக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

வடக்கேயிருந்து வந்த கலெக்டர் ஒருநாள் மலையைப் பார்க்க வந்தார். தாசில்தாருக்கு மலையின் சர்வே நம்பர் தெரியவில்லை, வனத்துறைக்காரர் இது எங்கள் மலை இல்லை என்றார். பரீட்சையில் வந்ததால் கல்வித்துறைக்குத்தான் சொந்தம் என்று எல்லோருமாகச் சேர்ந்து தங்கையா சாரை முன்னால் தள்ளினார்கள். இது யாருடைய பொறுப்பு என்று கலெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். தன் சர்வீசில் முதன்முறையாக ஒருவர் நேருக்கு நேராக ஆங்கிலத்தில் கேட்டதும் சாருக்கு வேர்த்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பர்களும் அதிகாலையில் புறப்பட்டோம் என்று அவர் அழகான ஆங்கிலத்தில் சொன்னார். செலவுக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுத்தீர்கள் என்று கலெக்டர் கேட்க, குளிர்ந்த காற்று எங்கள் கன்னங்களை வருடியது என்றார். இத்தனை வருசத்தில் பொறுப்பை இவ்வளவு நயமாகத் தட்டிக்கழித்த அரசு ஊழியரைத் தான் பார்த்ததில்லை என்று கலெக்டர் சொல்லி, குடியரசு தினத்தன்று அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். இதைப் பார்த்துப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் எல்லோரையும் ஒரே கட்டுரை எழுத வைத்தார்கள். அவர்கள் கைடில் அவசரத்துக்குக் கிடைத்தது சுற்றுச்சூழல் மாசு என்பதால், ஒரு வாரம் அந்த ஊர் முழுக்கப் புகையில் இருமிக்கொண்டிருந்தது.

ஜனவரித் திருப்புதல் தேர்வில், மாடசாமி என்கிற பையன் ஏரி வரும் பாராவை மறந்து விட்டுவிட்டான். மறுநாள் ஏரியில் பாதி வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவனைத் திரும்ப உட்காரவைத்து எழுதச் சொன்ன பிறகுதான் தண்ணீர் ஏறியது. அன்றைக்குத்தான் ஊருக்கு விசயம் முழுசாகப் புரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் எழுதுகிறவரைக்கும் மலை இருக்கும். ஒருத்தர் விட்டால் போயிற்று, அதுவும் மார்ச்சில் பொதுத் தேர்வில் எழுதுவதுதான் கடைசி எழுத்து. அதற்குப்பின் பிள்ளைகளைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் குளிர்ந்த காற்று வரை கேட்டுவிட்டுத்தான் கறியைக் கட்டிக் கொடுத்தார். முத்துப்பேச்சி எதையாவது விட்டுவிடுவாளோ என்றுதான் ஊருக்கே பயம். யார் யாரோ அவள் வீட்டுக்கு ஞாபகசக்திக்கென்று வல்லாரை லேகியம் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவளும் மனப்பாடம் செய்யத்தான் பார்த்தாள். ஆங்கிலத்தில் தேறினால்தான் நர்சிங் படிக்க முடியும், தேறுவதற்கு அந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தாள். அதைவிட முக்கியமாக, மலைக்குப் போய்வந்த முதல் நாள் சாயங்காலம் அம்மா சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்தச் சிரிப்புக்காகவே முத்துப்பேச்சி அந்த இரண்டு பக்கத்தையும் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தாள். அம்மா தினமும் ஏறினாள். தினமும் சோறு போடும்போது, வெள்ளென எந்திரிச்சுக் கிளம்பினோம், காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு, ஒரு குரங்கு பழத்தப் பிடுங்கிட்டுப் போச்சு என்று அதையே சொன்னாள். முதலில் சந்தோசமாக இருந்தது, பிறகு சலிப்பாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. தெருவில் எந்த வீட்டின் முன்னால் நடந்தாலும் உள்ளேயிருந்து அதே குரங்கு அதே பழத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாதம் அப்பா இறந்த நாள் வந்தது. அவர் படத்துக்குப் பூப் போட வேண்டுமே என்று முத்துப்பேச்சி அம்மாவிடம் ஞாபகப்படுத்தினாள். சண்முகக்கனி படத்தைப் பார்த்து, எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"நல்ல மனுசன். அவரும் நம்ம ஃபிரண்டுதான்."

அப்பா உயிரோடிருந்த காலத்தில் அம்மா ஒருநாள்கூட அவரை நல்ல மனுசன் என்று சொன்னதில்லை. லோடு இறக்கப் போனவர் இரண்டு நாள் பிந்தினால், கட்டையில போறவன் எந்தக் கடையில் விழுந்து கிடக்கிறானோ என்று தெருவுக்கே கேட்க வைவாள், வைதுகொண்டே அவருக்கு மீனை எடுத்து மூடிவைப்பாள், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். அந்த மனுசியிடம் முத்துப்பேச்சி அன்றைக்கு என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். அப்பா குடித்துவிட்டு வந்து கோழிக்கூட்டில் படுத்ததைச் சொன்னாள், அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டியதைச் சொன்னாள். அதற்கும் அம்மா சிரித்தாள். பெற்ற பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது.

மறுநாள் அவள் தங்கையா சாரிடம் போய் நின்று, அம்மாவுக்கு அப்பாவை மறந்துபோகிறது, இந்த மலை வேண்டாம் சார் என்றாள். சார் கெட்டவர் இல்லை. வளைவே இல்லாத மலை என்பதால் அவரும் லீவு நாள் தவறாமல் ஏறுகிறவர்தான், அவருக்கும் மறக்க என்னவோ இருந்தது. சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"கவலையெல்லாம் தமிழ்ல வச்சுக்கோ பாப்பா. இங்கிலீஷ்ல நமக்குக் கவலையே கிடையாது. ஒரு மலை இருக்கு, போனோம், வந்தோம், மார்க் வாங்கினோம். அத ஏன் கெடுக்கணும்?"

ஆங்கிலத் தாளன்று பள்ளி வாசலில் ஊரே நின்றது. கோயில் பூசாரியும் சர்ச் பாதிரியாரும் ஆளுக்கொரு பக்கம் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டு அனுப்பினார்கள். சுப்பாராஜ் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனாவைக் கொடுத்து, ஏரியை விட்டுராதீங்க என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். நாற்பத்தேழாவது கேள்வி மலையாகவே வந்திருந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேனாக்களும் ஒரே நேரத்தில் போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டன. முத்துப்பேச்சிக்கும் அன்றைக்கு அதிசயமாகக் கட்டுரை முழுக்க ஞாபகத்தில் நின்றது, காற்று, ஏரி, குரங்கு எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. அவள் தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு, தான் உண்மையிலேயே ஒரு தடவை மலைக்குப் போனதை எழுதத் தொடங்கினாள்.

சொந்த ஆங்கிலம் லேசில் வரவில்லை. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகத் துழாவி எடுத்தாள். என் அப்பா லாரி டிரைவர் என்று எழுதினாள். லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியில் எங்களை மலைக்குக் கூட்டிப் போனார். பாதி மலையில் ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. நான் வாந்தி எடுத்தேன். அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். அம்மா அவரை வைதாள், அவர் சிரித்தார், சிரித்ததற்காக இன்னும் வைதாள். காய்ந்துபோன புரோட்டாவைத் தின்றோம். மேலே போகவில்லை, இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். மலைவாசஸ்தலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா இறந்துவிட்டார். என் அம்மா அவரை நண்பர் என்கிறாள். அவர் நண்பர் இல்லை. அதற்குமேல் எழுத அவளுக்கு ஆங்கிலம் இல்லை. பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, எல்லாம் எழுதினியா என்று கூட்டம் கேட்டது. எழுதினேன் என்றாள்.

மறுநாள் காலை மலை பாதியாகியிருந்தது. பச்சை போய், மொட்டைப் பாறையும் புழுதி அடித்த தார் ரோடுமாக அது ஒரே ஒரு வளைவு வரைக்கும் போய் நின்றது. வளைவில் ஒரு லாரி, முன்மூடி திறந்து, ஆவி கக்கிக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தப்பட்டிருந்தது. டிரைவர் இல்லை. வழக்கம்போல ஏறியவர்களால் லாரியைத் தாண்டிப் போக முடியவில்லை. தூக்குச்சட்டிகளில் அவரவர் வீட்டுப் பழைய சோறே இருந்தது. எல்லோருக்கும் மூத்திரம் வந்தது. படகில் தோளில் கைபோட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ரோட்டின் இரண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஐந்து மணிவரை காத்திருக்காமல், யாரும் திருப்பாமல், கால் வலித்தபோது அவர்களாகவே இறங்கினார்கள்.

யார் வேலை என்று கண்டுபிடிக்கக் கமிட்டி கூட வேண்டியிருக்கவில்லை. ஊரில் லாரி டிரைவர் மகள் ஒருத்திதான். மத்தியானத்துக்குள் சுப்பாராஜ் முன்னால் வர, தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மனை வாங்கியவர்கள், பஜ்ஜிக்கடைக்காரர், லேகியம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். தங்கையா சார் கூட்டத்தின் பின்னால் நின்றார். முத்துப்பேச்சி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். சண்முகக்கனி மலைக்குப் போனவள் இன்னும் வந்தபாடில்லை. ஊர்ச்சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். துணைத் தேர்வு எழுதி மலையைத் திரும்பக் கொடு, அதுவரைக்கும் உன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை கிடையாது, முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்றார் சுப்பாராஜ். அவள் முடியாது என்றுதான் சொன்னாள்.

அப்போது தெருக்கோடியில் சண்முகக்கனி வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. காலையிலிருந்து அந்த வெற்று லாரியைப் பார்த்து நின்று வைதுவைது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கூட்டம் அவளுக்கு வழி விட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை, நேராக மகளிடம் வந்தாள்.

"ஏட்டி, வண்டிய நடு ரோட்டுல போட்டுட்டு ஒங்கப்பன எங்கட்டீ? கத்திக் கத்திப் பாத்துட்டேன். தண்ணி எடுக்கப் போன மனுசன் வரவே இல்ல."

முத்துப்பேச்சி நிலைப்படியை விட்டு இறங்கி அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"செத்துல்லா போனாக," என்றாள்.

"ஆமாம்மா."

சண்முகக்கனி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, இரண்டு வருசத்துக்கு முன்னால் அழாத அழுகையை அழத் தொடங்கினாள். அய்யாத்துரையைக் கட்டையில போனவனே என்று கூப்பிட்டு அழுதாள். அந்த ஊரில் அழுகிற வீட்டின் முன்னால் நின்று யாரும் சண்டை போடுவதில்லை, பெண்கள் யாரும் சும்மா நிற்பதும் இல்லை. ஊர்ச்சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பொம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். முதலில் அவளுக்காக அழுதார்கள், பிறகு இத்தனை மாதம் மலையில் கொண்டுபோய்ப் போட்டுவைத்திருந்த தங்கள் தங்கள் சாவுகளுக்காக அழுதார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் எந்தத் தோள் யாருடையது என்று பார்க்கவில்லை. ஆண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்காருவதுபோல எதிர்வீட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். சுப்பாராஜும் கடைசியில் உட்கார்ந்தார். சார் மட்டும் உட்காராமல், போய் ஒரு கேன் டீ சொல்லிவிட்டு வந்தார். முத்துப்பேச்சி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள், அவள் முதுகில் யார் யார் கைகளோ விழுந்தன.